துவக்கோடு நின்ற படம்

குருநகர், யாழ்ப்பாணம்
10 டிசம்பர் 2024

அன்பின் அண்ணைக்கு,

என்னை வட்ஸ்அப்பில் கூப்பிட வேண்டாம். என் போனையும் அம்மாவின் போனையும் அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். வேறு ஆட்களின் போனிலும் எடுக்க வேண்டாம். அவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

பயங்கரவாதத் தடுப்புப் பொலிஸார் சிவில் உடுப்பில் வந்தார்கள். அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. ஒருவர் மட்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருடைய காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே தெரிந்தது. அதைக் கண்டதும் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. பிறகு அவர் தன் போனைத் திருப்பி அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். நீங்கள் நிற்கிறீர்கள். கையில் துவக்கு. சிரிக்கிறீர்கள்.

“இது உங்கட மகன்தானே, அம்மா?”

“ஓம் ஐயா. ஆனா உது விளையாட்டுச் சாமான் போலக் கிடக்கு.”

“விளையாட்டுச் சாமானோ? என்ன துவக்கு இது? எவ்வளவு தூரம் சுடும்?”

அம்மா என்னைப் பார்த்தா. வீட்டில் பட்டம் பெற்றவள் நான்தானே. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்ன தெரியும்? நீங்கள் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்வதாகத்தானே இத்தனை நாளும் சொன்னீர்கள்? அம்மா கோயிலில் எல்லாரிடமும் “லெனாட் அங்கை சமையல்” என்று பெருமைப்பட்டுக்கொண்டு திரிகிறா.

படத்தை முகநூலில் போட்டவன் மாமாவின் மகன் றோய். நீங்கள் அவனுக்கு மட்டும்தான் அனுப்பினீர்களாம். அவன் “எங்கட சிங்கம்” என்று எழுதிப் போட்டிருக்கிறான், அதுவும் நவம்பர் கடைசியில், மாவீரர் வாரத்தில். அந்த வாரத்தில் இங்கே விளக்குக்கு எண்ணெய் வாங்குகிறவனையே திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

அடுத்த மாதம் பொலிஸ் கந்தோருக்கு வந்து எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது என்ன துவக்கு, உங்கள் கைக்கு ஏன் வந்தது, எல்லாவற்றையும் விபரமாக எழுதுங்கள். இந்த முறை உண்மையை எழுதுங்கள்.

தங்கை,
நிரோஜினி


இலினோய்
31 டிசம்பர் 2024

தங்கச்சி நிரோவுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ரியூசன் பிள்ளைகளின் கொப்பிக்குச் செய்வது போலச் சிவப்புப் பேனையை எடுக்காதே.

சாப்பாட்டுக் கடை பொய்தான். துவக்குச் சுடும் கிளப்பில் வேலை என்று சொன்னால் அம்மா அன்றிலிருந்து சாப்பிடமாட்டா. சோள வயல்களுக்கு நடுவில் இருக்கிறது கிளப். இயந்திரம் களிமண் தட்டுகளை ஆகாயத்தில் எறியும். ஆட்கள் அதைச் சுட்டு உடைப்பார்கள். பென்சன்காரர், பல் டொக்டர், பள்ளிக்கூட ரீச்சர்மார், எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், நாங்கள் கசூரினாக் கடற்கரைக்குப் போவது போல. உடைந்த தட்டுகளைக் கூட்டி அள்ளுவது என் வேலை. மற்றது சோக் கழுவுவது.

சோக் என்றால் என்னவென்று சொல்கிறேன். அதை நீ அந்த ஆட்களுக்கு எழுதிக் கொடு. இந்தத் துவக்கிலிருந்து ஒற்றைக் குண்டு போவதில்லை. குறுமணி போன்ற நூற்றுக்கணக்கான சின்னச் சன்னங்கள் ஒன்றாகப் போகும். போகப் போக விரியும். அப்பா வீச்சு வலை எறிவதை நினைத்துப் பார். வலை எந்த இடத்தில் விரிய வேண்டும் என்பதை அப்பா மணிக்கட்டில் வைத்திருந்தார். இங்கே அதைக் குழலின் நுனியில் வைத்திருக்கிறார்கள். நுனிக்குள் ஒரு குட்டிக் குழாயைத் திருகிப் பூட்டுவார்கள். அதன் உள்வாய் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். மயிரளவு ஒடுக்கம்தான். ஆனால் ஒடுங்க ஒடுங்கச் சன்னங்கள் சேர்ந்தபடியே எட்டத்துக்குப் போகும். குழாயின் விளிம்பில் கீறல் இருக்கும். ஒரு கீறல் என்றால் மிக இறுக்கம். ஐந்து கீறல் என்றால் ஒடுக்கமே இல்லை. நாற்பது யார், அதாவது நூற்றிருபது அடி எட்டத்தில் முப்பது அங்குல வட்டம் கீறிச் சுட்டால், ஒற்றைக் கீறலில் நூற்றுக்கு எழுபது சன்னம் வட்டத்துக்குள் விழ வேண்டும். இது பறவைக்கும் தட்டுக்கும் உள்ள துவக்கு. சண்டைக்கு உள்ளது இல்லை.

படத்தில் இருப்பது பல் டொக்டருடைய துவக்கு. அவருடைய சோக்கைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “பிடி, ஒரு படம் எடுப்பம்” என்றார். இங்கே துவக்கோடு படம் எடுப்பது, ஊரில் புது மோட்டார் சைக்கிளோடு எடுப்பது போல. முதலாளி முதல் நாளே சொன்னவர்: “உனக்குப் பேப்பர் இன்னும் வரயில்லை. பேப்பர் இல்லாதவன் துவக்கைத் தொட்டால் இந்த நாட்டிலை குற்றம். சோக்கைத் தொடு. அது வெறும் இரும்புக் குழாய்.” அது தெரிந்துதான் பிடித்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, கைரேகை எடுத்தவர்களைத் தவிர ஒருவரும் என்னைப் படம் எடுத்ததில்லை, நிரோ.

றோயின் காதைத் திருகிவிடு. அம்மாவிடம் பல் டொக்டர் நல்ல மனிதர் என்று சொல்.

அண்ணை,
லெனாட்


குருநகர்
24 ஜனவரி 2025

அன்பின் அண்ணைக்கு,

நீங்கள் எழுதியதை வைத்து இரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதினேன். வலையை விட்டுவிட்டேன். கீறல், யார், அங்குலம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். விபரம் கூடக் கூட நம்புவார்கள் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் எங்களுக்குப் புள்ளி போட்டார்கள்.

காலுறை ஓட்டைக்காரர்தான் வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

“இதை ஆர் எழுதினது?”

“நான்.”

“சத்தமாச் சொல்லுங்கோ, தங்கச்சி. இஞ்சை ஒருத்தரும் கடிக்கமாட்டம்.”

“நான்தான். அண்ணை சொல்ல எழுதினது.”

“ஒரு கீறல், அஞ்சு கீறல், நாப்பது யார்… உங்கட அண்ணைக்கு எல்லாம் வடிவாத் தெரியுது. சமையல்காரனுக்கு உதெல்லாம் எங்கையிருந்து வந்தது?”

“அது பறவை சுடுற துவக்கு, சேர்.”

“தூரத்தைப் பற்றி எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிடிச்சிருக்கிற ஆளைப் பற்றித்தான்.”

படம் மட்டும் இருந்தபோது அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு மடையனைத்தான் கண்டார்கள். என் இரண்டு பக்கத்தையும் வாசித்த பிறகு பயிற்சி எடுத்த ஆளைக் காண்கிறார்கள். அதை வாங்கிக் கோப்பில் குத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். இங்கே உங்களுக்கு ஆபத்து என்று உங்கள் அகதி வழக்கில் நிரூபிக்க வேண்டும் அல்லவா? முன்பு இவர்கள் உங்களைக் கொண்டுபோய் அடித்து முதுகை அப்படி ஆக்கியதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இப்போது வீட்டுக்கு வந்து தேடியதைப் பங்குச் சுவாமி கண்டவர், கிராமசேவகர் விதானையும் கண்டவர். ஆகவே அவர்களிடம் சாட்சிக் கடிதங்கள் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். நீங்கள் முன்பு அனுப்பிய அழைப்பாணையில் சட்டத்தரணியின் விலாசமும் நீதிமன்ற விலாசமும் இருக்கின்றன. இந்தக் கெடுதியில் ஒரு நல்லதாவது நடக்கட்டும்.

ஒரு கேள்வி. எழுதும்போது மனதில் வந்தது. நுனியை ஒடுக்கிப் பார்க்க வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

நிரோஜினி


இலினோய்
21 பெப்ரவரி 2025

தங்கச்சி நிரோவுக்கு,

உன் கேள்வியைக் கிளப்பில் கேட்டேன். பெரிய சண்டையே நடந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்த மாநிலத்து ஆற்றோரம் தாரா வாத்துச் சுடுகிறவர் ஒருவர் இருந்தாராம். அப்போது தாராவைச் சுட்டு ரயிலில் ஏற்றிப் பட்டணத்துச் சந்தைக்கு அனுப்புவார்கள், எங்கட ஆட்கள் கொழும்புக்கு நண்டு அனுப்புவது போல. அவர் குழலின் நுனியை ஒடுக்கிச் சுட்டுப் பார்த்தாராம். சன்னம் கண்டபடி சிதறியதாம். இது சரிவராது என்று ஒடுக்கத்தைக் குடைந்து எடுக்கத் தொடங்கி, முழுதும் எடுக்காமல் இடையில் ஒருதரம் சுட்டாராம். எல்லாம் ஒன்றாகப் போய் விழுந்ததாம். அவர்தான் கண்டுபிடித்தவர் என்று இந்த ஊரார் சத்தியம் பண்ணுகிறார்கள். அவருக்கு முன்பே இங்கிலாந்திலும் இங்கேயும் அதைப் பதிந்து வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று பல் டொக்டர் சொல்லிப் பேச்சு வாங்கினார். அதற்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் கையால் திருப்பி ஒடுக்கத்தை மாற்றும் வளையம் வந்தது. அதற்கும் பிறகு, நான் கழுவுகிற கழற்றிப் பூட்டும் குழாய்.

சந்தைக்குத் தாரா சுடுவதைச் சட்டம் போட்டு நிற்பாட்டிவிட்டார்கள். பிறகு தாராவுக்கு ஈயச் சன்னமும் கூடாது என்றார்கள், குளத்தில் விழுந்த ஈயத்தைத் தின்று பறவை சாகிறதாம். இப்போது உருக்குச் சன்னம். உருக்கு ஈயம் போல நசியாது. பழைய இறுக்கமான குழலில் அதைப் போட்டுச் சுட்டால் நுனி வீங்கிவிடும். சோக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்வேன். என் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் வருகிற வசனம் அது ஒன்றுதான்.

இனிக் கவனமாக வாசி. நீ கடிதம் சேர்ப்பதைக் கேட்டுச் சட்டத்தரணி சந்தோசப்பட்டார். ஏப்ரலில் விசாரணை. வெல்லலாம் என்கிறார், முதல் தடவையாக அப்படிச் சொல்கிறார். ஆனால் படத்தை மட்டும் வைக்காதே. ஊரில் தேடுகிறார்கள் என்று எழுதலாம், ஏன் தேடுகிறார்கள் என்பதற்குப் படம் வேண்டாம். நான் துவக்கைத் தொட்டதற்குப் பல் டொக்டரை விட்டால் இங்கே வேறு சாட்சி இல்லை. றோய் முகநூலில் இருந்ததை அழித்துவிட்டான். படம் வேண்டாம், நிரோ.

லெனாட்


குருநகர்
17 மார்ச் 2025

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. பொதி போன வாரமே போய்விட்டது.

நடந்ததை எழுதுகிறேன். சுவாமியின் கடிதத்தில் “துவக்கோடு நின்ற படம் காரணமாக” என்று ஒரு வரி இருந்தது. பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் சமாதான நீதவான் அதில் விரலை வைத்து, “அப்ப அந்தப் படம் எங்கை, பிள்ளை? இணைப்பு இல்லாட்டி ஆர் நம்புவான்?” என்றார். நான் றோயிடம் வாங்கி அச்சடித்துக்கொண்டு போனேன். அவர் பின்பக்கத்தில் உங்கள் பெயர், திகதி, இடம் எல்லாம் என்னைக்கொண்டு எழுதுவித்தார். கீழே “உண்மைப் பிரதி” என்று முத்திரை குத்திக் கையொப்பம் வைத்தார். என் எழுத்து நல்ல வடிவு என்றும் சொன்னார்.

ஒரு தொகுதி சட்டத்தரணிக்கு. இன்னொன்று நேரே நீதிமன்றத்துக்கு. எங்களுக்கு அப்படித்தானே பழக்கம்? காணி விடுவிக்கக் கேட்டாலும், காணாமல் போனவரைக் கேட்டாலும், மனுவின் அடியில் “பிரதிகள்” என்று போட்டு நாலு இடத்துக்கு அனுப்புவோம். ஓரிடத்துக்கு மட்டும் அனுப்பினால் தொலைந்துவிடும். இது தொலையக்கூடாது என்று நினைத்தேன்.

உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்தபடியே கூரியர் கடைக்குப் போனேன். திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்கத்தான் போனேன்; அனுப்பிய ரசீதை மட்டும் நீட்டினேன். கடையிலிருந்த பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே கணினியில் தேடியது. “பயப்பிடாதேங்கோ அக்கா, ரெண்டும் பத்திரமாக் குடுபட்டிட்டுது. கையெழுத்தும் வாங்கியாச்சு.”

ஒருவேளை அவர்கள் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடலாம். ஒருவேளை தமிழ்க் காகிதங்களோடு ஓரமாக வைத்துவிடலாம். இனிக் கூரியருக்குக் காசில்லை, இது தபாலில்தான் வரும்; கிடைத்த உடனே சட்டத்தரணியிடம் போங்கள்.

நிரோஜினி


தடுப்பு முகாம்
6 மே 2025

நிரோஜினிக்கு,

உன் கடிதம் விசாரணைக்கு முதல் நாள் கிடைத்தது. சட்டத்தரணியின் கந்தோர் பூட்டியிருந்தது.

அரச தரப்புச் சட்டத்தரணி படத்தை உயர்த்திக் காட்டினார். பிறகு பின்பக்கத்தைக் காட்டினார். பெயர், திகதி, இடம், முத்திரை. பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தாய். தனக்கு வந்த பிரதியை வெளியில் எடுக்காமல் வைத்திருந்த என் சட்டத்தரணி என் காதுக்குள், “இதை நேரே நீதிமன்றத்துக்கு ஆர் அனுப்பினது?” என்று கேட்டார். “என்ரை தங்கச்சி. பட்டதாரி” என்றேன். விசாரணையைத் தள்ளி வைத்தார்கள். வெளி வாசலில் கையில் விலங்கு போட்டார்கள்.

அவர்கள் சொல்வது இதுதான். துவக்கைப் பிடித்தது குற்றம். ஊரில் என்னைத் தேடுவது படத்தால். படத்துக்கு நின்றது நான். ஆகவே இந்தப் பயம் நானே உண்டாக்கிக்கொண்டது. முதுகைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நீ எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டாய். நான் கடலில் சுழியோடிக் கடலட்டை பிடித்து உன்னைப் படிப்பித்தது இதற்குத்தான் போல. இந்த வசனத்தை அழிக்க வேண்டும். இங்கே குட்டைப் பென்சில்தான் தருவார்கள், அழிறப்பர் தரமாட்டார்கள். வேறு தாளும் இல்லை.

இரவிலும் விளக்கை அணைக்கிறார்கள் இல்லை.

லெனாட்


குருநகர்
3 ஜூன் 2025

அண்ணை,

அந்த வசனம் இருக்கட்டும். அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். திரும்ப எடுத்து வாசித்தேன்.

அம்மாவிடம் “பிடித்து வைத்திருக்கிறார்கள், அனுப்பினாலும் அனுப்புவார்கள்” என்று மட்டும் சொன்னேன். அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் கண்டேன். “வரட்டும். கண்ணாலை காணுவன்” என்றா. பிறகு தானே வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அன்றிலிருந்து காலைப் பூசைக்குப் போவதில்லை. என்ன கேட்டு மன்றாடுவது என்று தெரியவில்லையாம்.

ரியூசனுக்கு வந்த பிள்ளைகளைத் தாய்மார் நிற்பாட்டிவிட்டார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. ஒரு தாய் மட்டும் வேலிக்கு வெளியே நின்று, “குறை நினைக்காதேங்கோ, ரீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனா.

காலுறை ஓட்டைக்காரர் திரும்பவும் வந்தார். இந்த முறை சப்பாத்தைக் கழற்றவில்லை. “அண்ணை எப்ப வாறார்?” என்று கேட்டார், வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிறவரைக் கேட்பது போல.

நிரோஜினி


தடுப்பு முகாம்
29 ஜூலை 2025

தங்கச்சி,

முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று உனக்குத்தான் எழுத வேண்டும், வேறு ஒருவருக்கும் விளங்காது.

நீதிபதி வயதானவர். படத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். “என்ன சோக் பூட்டியிருந்தது?” என்று கேட்டார். ஒற்றைக் கீறல் என்றேன். “தட்டுக்கோ, தாராவுக்கோ?” தட்டுக்கு என்றேன். “தாராவுக்கு அதைப் பாவிக்கக்கூடாது, ஏன் தெரியுமோ?” உருக்குச் சன்னம் ஐயா, பழைய குழல் என்றால் நுனி வீங்கிவிடும் என்று என்னுடைய அந்த ஒரு வசனத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். தகப்பன் கொடுத்த துவக்கொன்றைத் தான் அப்படித்தான் பழுதாக்கியதாகச் சொன்னார். அரச தரப்புச் சட்டத்தரணி மணிக்கூட்டைப் பார்த்தார். இந்த நாட்டில் ஒரு பெரிய மனிதர் என்னோடு இவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன், நிரோ. உண்மையாகவே நினைத்தேன்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நான் கெட்டவன் இல்லை என்று தான் நம்புவதாகச் சொன்னார். துவக்கு எதற்கு உள்ளது என்பதும் தனக்கு நன்றாகத் தெரியும் என்றார். ஆனால் தன் கேள்விகளுக்குப் பதில் சொன்னதில் தொட்டதை நானே ஒத்துக்கொண்டேனாம். திருப்பி அனுப்பச் சொல்லிக் கையொப்பம் வைத்தார். போகும்போது எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மேன்முறையீடு செய்யலாம். அதுவரை இந்த விளக்குக்குக் கீழே கிடக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ கோபிப்பாய். எனக்குப் பயப்பட்டே அலுத்துவிட்டது. செப்டெம்பரில் விமானத்தில் ஏற்றுவார்கள்.

உன்னில் பிழை இல்லை. முந்திய கடிதத்தில் அதை எழுதியிருக்க வேண்டும்.

அண்ணை,
லெனாட்


குருநகர்
20 ஓகஸ்ட் 2025

அன்பின் அண்ணைக்கு,

இது ஏற்றுவதற்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். என் கடிதங்கள் எல்லாவற்றையும் அங்கேயே கிழித்துவிட்டு வாருங்கள். இதையும்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் உங்களை வரிசையிலிருந்து எடுத்துத் தனி அறையில் இருத்துவார்கள் என்று கொழும்புச் சட்டத்தரணி ஒருவர் சொன்னார். துவக்கைப் பற்றித்தான் முதலில் கேட்பார்களாம். தெரியாது என்றால் என் இரண்டு பக்கத்தையும் எடுத்துக் காட்டுவார்கள். தெரியும் என்றால் அவ்வளவுதான். எப்படிப் பார்த்தாலும் அந்த இரண்டு பக்கம் நடுவில் நிற்கிறது.

அதனால் நேற்று அந்தக் கந்தோருக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. வழியெல்லாம் ஒரே வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். காலுறை ஓட்டைக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சேர், அந்த விளக்கத்திலை இருக்கிறது ஒண்டும் அண்ணை சொன்னதில்லை. எல்லாம் எனக்குத் தெரிஞ்சதை வைச்சு நான் எழுதினது. அண்ணைக்கு ஒரு இழவும் தெரியாது. ஆரோ பிடி எண்டு குடுக்க, மடையன் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்.”

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. பக்கத்து மேசைக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“கீறல், யார், சன்னம்… எல்லாம் உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம்.”

“ஆர் பழக்கினது, தங்கச்சி?”

இணையத்தில் வாசித்தேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து புதுக் கோப்பு மட்டை ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். என் முழுப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். திங்கட்கிழமை திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் ஒன்றும் தெரியாதவராக வாருங்கள்.

நிரோஜினி